உரும்பிராயில் ஓர் அலுமாரி மாநாடு

ஆறு பிள்ளைகளின் உடுப்புகளையும் அலுமாரியிலிருந்து வாரிக் கட்டிலில் கொட்டியதும் கட்டில் காணாமற் போயிற்று. கொட்டியவர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய மச்சாள். கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றவர் அந்த ஆறையும் பெற்ற உரும்பிராய் மச்சாள். இருவருக்கும் இங்கே பெயர் வைக்கவில்லை. வைத்தால் வலிகாமத்தில் பத்து வீட்டிலாவது தங்களைத்தான் எழுதியிருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். வைக்காவிட்டாலும் வருவார்கள், ஆனால் நிரூபிக்க முடியாது.

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.2 பிள்ளைகள். உரும்பிராய் மச்சாள் சராசரிக்குக் கட்டுப்படாதவர். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள், கடைக்குட்டி முன்பள்ளிக்குப் போகிறது, இடையில் நான்கு. வீட்டில் கிணறு உண்டு, இறைக்க மோட்டர் உண்டு, தோய்க்கிற கல் உண்டு, ஏழு கிலோ பிடிக்கும் வோஷிங் மெசினும் உண்டு. இல்லாதது கொடியில் இடம்.

“பிள்ளை, நான் வந்த நாள் தொட்டுப் பார்க்கிறன், நீர் கிணத்தடியை விட்டு அசையிறேல்லை,” என்று மாநாட்டைத் தொடக்கிவைத்தார் ரொறன்ரோ மச்சாள். “தோய்க்கிறதைக் குறைக்க ஒரேயொரு வழிதான் இருக்கு. உடுப்பைக் குறைக்கவேணும். ஒரு பிள்ளைக்கு ஏழு சோடி. அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். யூரியூப்பில வடிவாச் சொல்லியிருக்கினம்.”

“ஏழோ மச்சாள்? எந்த ஏழு?”

“கிழமைக்கு ஏழு நாள்தானே. நாளுக்கு ஒண்டு.”

“நாளுக்கு ஒண்டெண்டால் நல்லூரானுக்கே கட்டாது. அவருக்குக் காலமை ஒரு சாத்துப்படி, பின்னேரம் ஒரு சாத்துப்படி. அதுவும் அவர் செம்பாட்டு மண்ணில புரளிறேல்லை.”

ரொறன்ரோ மச்சாளின் ஞானத்துக்கு மூலம் ஜப்பான். மேரி கொண்டோ 2011 இல் எழுதிய வீடு ஒழுங்குபடுத்தும் புத்தகம் 2014 இல் ஆங்கிலத்துக்கு வந்து, உலகத்தின் அலுமாரிகளையெல்லாம் கட்டிலில் கொட்டவைத்தது. ஒவ்வோர் உடுப்பையும் கையில் எடுத்து, இது மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கவேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடவேண்டும். இந்த வேதத்துக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. 2023 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையிடம், மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதைத் தான் ஓரளவு கைவிட்டுவிட்டதாக அந்த அம்மையாரே ஒத்துக்கொண்டார். யூரியூப் இதை ரொறன்ரோ மச்சாளுக்கு இன்னும் காட்டவில்லை.

அவர் ஒரு நீலக் களிசானைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் முழுக்கச் செம்பாட்டுக் கறை.

“இது உமக்குச் சந்தோசம் தருதோ?”

“பெடியன் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாப்பிறகு தரும்.”

யாழ்ப்பாணத்தில் சலவைக் கணக்கை எழுதுவது தாய்மார் அல்லர், பாடசாலைச் சீருடை. பெண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. ஆண்பிள்ளைக்கு வெள்ளை சேட்டும் நீலக் களிசானும். வளர்ந்தபின் களிசானும் வெள்ளையாகி நீண்டுவிடும். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கமோ செம்பாட்டு மண். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரவள்ளிக்கும் அதைவிட நல்ல மண் இல்லை. வெள்ளைத் துணிக்கு அதைவிடக் கெட்ட மண்ணும் இல்லை. சீருடைக்கு வெள்ளையைத் தெரிவுசெய்தவர் யாராயிருந்தாலும் கிணத்தடியில் ஒரு நாளும் குந்தியிருந்தவரல்லர் என்று துணிந்து சொல்லலாம். 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்துவருகிறது. 2025 ஆம் ஆண்டுக்குத் தேவையான துணி முழுவதையும் சீனா நன்கொடையாகத் தந்தது. சீனத்து வெள்ளையை முதல் நாளே சிவப்பாக்கிவிடுகிறது உரும்பிராய் மண். சித்தாந்தப்படி பார்த்தால் அதில் பிழையில்லை.

“அப்ப வெள்ளை ரெண்டு சோடி,” என்றார் ரொறன்ரோ மச்சாள், கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டு. “ஒண்டு உடம்பில, ஒண்டு கொடியில.”

“மாரியிலயும் அப்படியோ?”

ரொறன்ரோ மச்சாள் 1989 இல் போனவர். பிறகு வந்த போதெல்லாம் ஆடி, ஆவணி வெயிலுக்குத்தான் வந்திருக்கிறார். ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வரும் மழையில் ஒரு சேட் காய எத்தனை நாள் எடுக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. உரும்பிராய் மச்சாள் நினைவூட்டினார். மாரியில் கொடி விறாந்தைக்குள் வரும், பிறகு அறைக்குள் வரும், பிறகு கதிரை முதுகு, யன்னல் கம்பி, சைக்கிள் ஹாண்டில் எல்லாம் கொடியாகும். காலை ஆறரைக்கு ஈரச் சேட்டின் மேல் அயனை வைத்தால் வீடு முழுக்க ஆவி. அந்த ஆவிக்குள் ஆறு பிள்ளைகளையும் தேடிப் பிடித்து உடுப்பாட்டவேண்டும்.

“தமிழ்நாட்டில எட்டாம் வகுப்பு வரைக்கும் அரசாங்கப் பள்ளிப் பிள்ளையளுக்கு வருசத்துக்கு நாலு சோடி குடுக்கினம் மச்சாள். நாலு! அதுவும் எல்லாம் வெள்ளையில்லை.”

“சரி, நீரும் நாலு வையும். ஏழும் நாலும் பதினொண்டு.”

குறைப்பு மாநாட்டின் முதல் தீர்மானம் நான்கைக் கூட்டியது.

அடுத்த விவகாரம் ரியூசன். பாடசாலை விட்டு வந்து வெள்ளையைக் கழற்றியதும் பிள்ளைகள் நிறச் சட்டைக்கு மாறித் தனியார் கல்வி நிலையத்துக்குச் சைக்கிள் மிதிக்கும். அங்கே சீருடை இல்லை. இல்லாததுதான் வில்லங்கம்: நேற்றுப் போட்டதை இன்றும் போட்டால் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை எண்ணிவைத்திருக்கும். வீட்டுக்கு வந்தால் மேல் கழுவி வீட்டுடுப்பு. ஞாயிறு அறநெறி வகுப்புக்குத் திரும்பவும் வெள்ளை. தை மாதம் பிறந்தால் இல்ல விளையாட்டுப் போட்டி. ஒரே வீட்டுக்குள் ஒருத்தன் சிவப்பு இல்லம், மற்றவன் பச்சை இல்லம், ரீசேட்டை மாற்றிப் போடவும் வழியில்லை.

“கோயிலுக்குத் தோய்ச்சுலர்ந்த உடுப்பு,” என்று விரல் மடக்கினார் உரும்பிராய் மச்சாள். “செத்தவீட்டுக்குப் போய் வந்தால் போட்டதெல்லாம் கிணத்தடியிலயே கழட்டி நனைக்கவேணும். போன மாசம் ரெண்டு செத்தவீடு. ஆறு பிள்ளையும் அவரும் நானும். செத்தவைக்கு என்ன, போய்ச் சேர்ந்திட்டினம். எனக்கல்லோ தோய்ச்சு மாளேல்லை.”

“பிள்ளையளைச் செத்தவீட்டுக்கு ஏன் கூட்டிக்கொண்டு போறீர்?”

“விட்டுட்டுப் போனால், பிள்ளையளைக் கண்ணில காட்டுறாளில்லை எண்டுவினம்.”

பதினொன்று பதினாலாயிற்று. ரொறன்ரோ மச்சாள் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

தேத்தண்ணி வரும் இடைவெளியில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விசயத்தின் அடி அங்கேதான் கிடக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஆறு. மிச்சமெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழை. கிணற்றால் மேலே வருகிறது. சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் கல்சியம் மிகுதி. அது சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை வராது. வெண்சாம்பலாக ஒரு பசை திரண்டு துணியில் படியும். அதைப் போக்க இன்னும் சவர்க்காரம், இன்னும் தண்ணீர், கடைசியில் மங்கிப்போன வெள்ளையை ஏமாற்றக் கொஞ்சம் நீலம். தண்ணீரை நம்பி இறைக்கும் துணிவும் குறைந்துவிட்டது. சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த நாட்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்ற வீடுகளில் உடுப்பைக் குறைக்கச் சொல்லி எவரும் வகுப்பெடுக்கவில்லை.

“இப்பதான் தாழையடியில கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கித் தாறாங்களாமே?” என்றார் ரொறன்ரோ மச்சாள், தேத்தண்ணியோடு உற்சாகம் திரும்பி. தகவல் சரி. 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட நிலையம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லீற்றர் சுத்திகரிக்கும் வல்லமை.

“அது மீற்றரில எண்ணி வாற தண்ணி மச்சாள். குடிக்க மனம் வரும். செம்பாட்டைக் கழுவ மனம் வராது.”

“அப்ப மெசின் எதுக்கு வாங்கினது?”

“மெசின் வந்தாப்பிறகுதானே உடுப்புக் கூடினது! கல்லில அடிச்சுத் தோய்ச்ச காலத்தில ஒரு சட்டையை ரெண்டு நாள் போடுங்கள். இப்ப அரை மணித்தியாலம் போட்டதையும் கழட்டி மெசினுக்குள்ள எறியுதுகள். மெசின் தோய்க்கும். ஆர் விரிக்கிறது, ஆர் எடுக்கிறது, ஆர் மடிக்கிறது?”

இதையே அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். வீட்டுக்குள் இயந்திரங்கள் வரவரத் துப்புரவின் அளவுகோல் உயர்ந்தது, முன்பு வெளியே போன வேலையும் வீட்டுக்குள் வந்தது, அம்மாவின் மணித்தியாலங்கள் மட்டும் குறையவில்லை என்பது அவருடைய வாதம். உரும்பிராய் மச்சாள் அதைப் படித்ததில்லை. படிக்கவும் நேரமில்லை, காரணம் மேற்படி வாதமேதான்.

ரொறன்ரோ மச்சாள் வேறு வழியால் வந்தார். பிள்ளைக்கு ஒரு நிறம். மூத்தவளுக்குச் சிவப்பு நூல், அடுத்தவனுக்கு நீல நூல், கழுத்துப் பட்டியில் ஒரு தையல். மடிக்கும்போது யாருடையது என்று தேடவேண்டியதில்லை. இது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்றும் சொன்னார்.

“அம்மம்மாட சேலையில எல்லாம் கறுப்பாக் குறி கிடக்கும், கண்டிருக்கிறியளோ?”

சேங்கொட்டைப் பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் வைக்கும் அந்தக் குறி எத்தனை தோய்ச்சலுக்கும் போகாது. வீட்டுக்கு வீடு வேறு குறி. நூறு வீட்டு உடுப்பும் ஒன்றாகப் போய் ஒன்று மாறாமல் திரும்பி வரும். வைத்தவர்கள் சலவைத் தொழிலாளர். அந்தக் காலத்தில் சலவை எவ்வளவு இலகு என்று பெருமூச்சு விடுபவர்கள், அது யாருடைய முதுகில் இலகுவாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. குடிமை முறையில் பிறப்பாலேயே அந்த வேலைக்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள் ஊரின் அழுக்கைச் சுமந்தன. கூலி பெரும்பாலும் நெல்லாகவும் தானியமாகவும் அளக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். ஊர் தன் அழுக்கைத் தானே தோய்க்கப் பழகியது. பழகியது என்றால், வீட்டுப் பெண்கள் பழகினார்கள்.

“அந்தக் குறியை வைச்ச ஆக்கள் இருந்தபடியால் அம்மம்மாவுக்கு நூல் தேவைப்படேல்லை,” என்றார் உரும்பிராய் மச்சாள். “எனக்கு நான்தான் எல்லாம். நூலைக் கோக்கவும் நான்தான்.”

வெளியே ஏதோ தொப்பென்று விழுந்தது. வேலியோரப் பனை. ஆவணியில் பனங்காய் விழாத வளவு வலிகாமத்தில் குறைவு.

“உங்களுக்குத் தெரியுமோ மச்சாள், நான் சின்னனாயிருக்கேக்க உதிலதான் எங்களுக்கு உடுப்புத் தோய்ச்சது.”

“பனங்காயிலயோ!”

“சண்டைக் காலம், பொருளாதாரத் தடை. சவர்க்காரம் நெருப்பு விலை. அம்மா பனங்களியைக் கரைச்சுத் துணியை ஊறவைச்சு அலம்புவா. நுரையும் வரும், அழுக்கும் போகும். மணம் மட்டும் போகாது. கொடியில காயப்போட்டால் மாடு வந்து சட்டையைச் சப்பிப்போட்டுப் போயிடும். மாடு சப்பினதோட எங்கட வீட்டில உடுப்புத் தன்பாட்டில குறைஞ்சுது. யூரியூப் தேவைப்படேல்லை.”

பனம்பழத்தின் கசப்புக்குக் காரணமான ஃப்ளாபெல்லிஃபெரின் சபோனின் வகையைச் சேர்ந்தது. சபோனின்கள் தண்ணீரில் சவர்க்காரம்போல நுரைக்கும். சீயக்காயின் நுரைக்கும் அவைதான் காரணம். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத் தாய்மார் இந்த இரசாயனத்தைப் பெயர் தெரியாமலே பரிசோதனை செய்து முடித்திருந்தார்கள்.

“தொண்ணூற்றைஞ்சில எனக்கு எட்டு வயசு,” என்று அதே மூச்சில் தொடர்ந்தார் உரும்பிராய் மச்சாள். “ஒக்டோபர் முப்பது இரவு. வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு சட்டைதான். ஒண்டு போட்டிருந்தது, ஒண்டு பையுக்குள்ள. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க முந்தி ரெண்டும் மழையில நனைஞ்சுபோச்சு. சாவகச்சேரிப் பக்கம் மாசக்கணக்கில அந்த ரெண்டோடதான். உங்கட வீடியோவில அந்த மனிசி இதை விடவும் குறைக்கச் சொல்லுதோ?”

அந்த ஒரு நாளில் இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். ரொறன்ரோ மச்சாள் தொலைக்காட்சியில் பார்த்தவர். கைத்தொலைபேசியை எடுத்து, பதினாலை அழித்துப் பதினாறு என்று எழுதினார்.

“ஏன் மச்சாள் கூட்டுறியள்?”

“கிடக்கட்டும். பிள்ளையளெல்லே.”

இப்போது எண்ணத் தொடங்கினார்கள். இங்கேதான் மாநாடு எதிர்பாராத பக்கம் திரும்பியது. மூத்தவளுக்கு உண்மையில் போடக்கூடியதாக இருந்தவை பதின்மூன்று சோடி. அதில் பாடசாலை வெள்ளை இரண்டே. இரட்டைப் பெடியன்களுக்கு வெள்ளை சேட் ஆளுக்கு இரண்டு, ஒன்றின் கழுத்துப்பட்டி கிழிந்தது. கடைக்குட்டிக்கு எல்லாம் அண்ணன்மாரின் எச்சம். ஆக, தேவையானது தேவையான அளவுக்கு இல்லை. கட்டிலோ இன்னும் தெரியவில்லை.

“அப்ப உந்தக் குவியல் என்ன?”

உரும்பிராய் மச்சாள் பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உள்ளே பஞ்சு வைத்த, கழுத்து வரை சிப் இழுக்கும் ஜக்கெட் மூன்று. கம்பளிக் கையுறை, சோடி இல்லாதது ஐந்து. பனிக்கட்டியில் சறுக்கப் போடும் முழுக்களிசான். மூஞ்சி மட்டும் தெரியும்படி உடம்பெல்லாம் மூடும் மெத்தென்ற இரவுடுப்பு, காலும் சேர்த்துத் தைத்தது. கனடிய ஹொக்கி அணிகளின் பெயர் பொறித்த ரீசேட் பதினொன்று. விலைச்சிட்டை கழறாத கறுப்பு கோட், நத்தார் மானோடு. ரொறன்ரோ மச்சாளின் முகம் மாறிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இதெல்லாம் நான் பெட்டியில அனுப்பினதோ?”

“நீங்கள், லண்டன் சின்னம்மா, பரிசில இவற்றை தம்பி. வருசம் ரெண்டு பெட்டி வரும். நீங்கள் அங்க வீட்டைத் துப்புரவாக்கத் துப்புரவாக்க இங்க அலுமாரி பூட்டேலாது. ஒரு ஜக்கெட்டை இவர் கொண்டுபோய் வெங்காயத் தோட்டத்தில வெருளிக்குப் போட்டவர். காகம் கூட வியர்க்குமெண்டு கிட்ட வாறேல்லை.”

“வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“எப்பிடிச் சொல்லுறது? பெட்டி வந்த அண்டு வீடியோ கோலில போட்டுக் காட்டச் சொல்லுவியள். முப்பத்தினாலு பாகை வெயில். பெடியன் ஜக்கெட்டோட நிண்டு கை காட்டுவான். நீங்கள் வடிவெண்டுவியள். பேந்து அதையும் தோய்க்கவேணும்.”

உடுப்பைக் குறைத்து வாழ்வதன் உலகப் பொருளாதாரம் இதுதான். ஓரிடத்து அலுமாரி மெலிய இன்னோரிடத்து அலுமாரி பருக்கும். கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள கன்ரமன்ரோ சந்தைக்குக் கிழமைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாவித்த உடுப்புகள் வந்திறங்குவதாக அங்கே வேலைசெய்யும் அமைப்புகள் மதிப்பிடுகின்றன. விற்காதவை கடற்கரையில் ஒதுங்குகின்றன. சிலி நாட்டின் அற்றகாமா பாலைவனத்தில் அவை மேடுகளாகவே கிடக்கின்றன. நன்றி சொல்லி அனுப்பிவிடவேண்டும் என்ற ஜப்பானிய உபதேசத்தில், எங்கே அனுப்புவது என்ற வரியில்தான் ஆட்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஈழத்தவர் அந்தளவு இரக்கமற்றவர்கள் அல்லர். நாங்கள் முகவரி எழுதி, பெட்டியைச் சுற்றி மண்ணிற ரேப் ஒட்டி, கப்பற் கூலியும் கட்டி அனுப்புவோம். சொந்தக்காரருக்கு.

ரொறன்ரோ மச்சாள் கொஞ்ச நேரம் கையுறையைப் பிரட்டிக்கொண்டிருந்தார். “ஆருக்கும் இல்லாததுகளுக்குக் குடுத்திருக்கலாம்.”

“குடுக்கப் போனனான். சிறுவர் இல்லத்தில கேட்டால், அம்மா, வெள்ளைச் சட்டை இருந்தால் தாங்கோ, சப்பாத்து இருந்தால் தாங்கோ எண்டினம். கம்பளி அவையளிட்ட எங்களை விடக் கூடக் கிடக்கு. அவைக்கும் கனடாவில ஆக்கள் இருக்கினம்.”

“பெட்டிக்குள்ள வெள்ளைத் துணி வைச்சு அனுப்பியிருந்தால்...”

“ஏன் அங்க இருந்து? சுன்னாகத்துக் கடையில நிறைய இருக்கு. நீங்கள் கட்டுற கப்பற் கூலிக்கு ஆறு பிள்ளைக்கும் எடுத்துத் தைச்சும் குடுக்கலாம்.”

இந்த இடத்தில் ரொறன்ரோ மச்சாள் ஒரு காரியம் செய்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். வாதாடவில்லை. கைப்பையைத் திறந்து, பிள்ளைக்கு இரண்டு வெள்ளை, ஆறு பிள்ளைக்குப் பன்னிரண்டு, தையற்கூலியோடு எவ்வளவு வரும் என்று கேட்டார். கேட்ட தொகையை விட ஒரு தாள் கூட வைத்தார். ஆனால் உடனேயே, வார முடிவில் மானிப்பாயில் சாமத்தியவீடு இருக்கிறதே, ட்ரோன் கமராவெல்லாம் வருமே, அதற்குப் பெட்டைகள் மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பாவாடை சட்டை எடுத்தால் படத்துக்கு நல்லாயிருக்கும் என்றும் சொன்னார். போன சாமத்தியவீட்டுக்குப் போட்டதைப் போடக்கூடாதா என்று கேட்டதற்கு, அது முகநூலில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. பதினாறு பதினேழாயிற்று.

மிச்சம் குவியல். மடித்து, அமத்தி, இரண்டு பழைய கட்டில் விரிப்பில் மூட்டையாகக் கட்டினார்கள். மூட்டை இரண்டும் இடுப்பளவு உயரம்.

“மச்சாள், நீங்கள் வரேக்க ரெண்டு சூட்கேசும் நிரப்பிக்கொண்டு வந்தனீங்கள். இப்ப ரெண்டும் வெறுமையாக் கிடக்கு. இருபத்துமூண்டும் இருபத்துமூண்டும் நாற்பத்தாறு கிலோ. உதைத் திரும்பக் கொண்டுபோங்கோவன். அங்க குளிர்தானே. ஆராவது போடுவினம்.”

ரொறன்ரோ மச்சாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “அதெப்பிடி? மிளகாய்த்தூள் பத்துக் கிலோ இடிக்கக் குடுத்திருக்கு. ஒடியல்மா, புழுக்கொடியல், பினாட்டு. பருத்தித்துறை வடைக்குச் சொல்லிவைச்சிருக்கிறன். உந்தப் பழந்துணியைத் தூக்கிக்கொண்டு போக நான் என்ன விசரியே?”

“ஒரு மூட்டையாவது?”

“ஏலாது பிள்ளை.”

“அஞ்சு கிலோ?”

“ரெண்டு கையுறை தாரும்,” என்றார் ரொறன்ரோ மச்சாள். “சோடியாப் பார்த்துத் தாரும்.”